பார்க்குக்குப் போன கிருஷ்ணன்

கூட்டத்தில் பேசத் துடிக்கிறவர்கள் இரண்டு வகை. பேச வருகிறவர்கள் ஒரு வகை. தங்களுக்குப் பேச வராது என்பதைக் கூட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையில், பம்பாய் செம்பூருக்கே முதல் ஆள் நான்தான்.

எங்கள் காலனிக்குப் பின்னால் மாநகராட்சியின் குழந்தைகள் பார்க் ஒன்று உண்டு. நாலு ஊஞ்சல், இரண்டு சறுக்குமரம், ஒரு பக்கம் மட்டும் மேலே போகும் சீசாப் பலகை. அதற்குப் பொறுப்பாக சுலபா தாயி என்று ஒருத்தி இருந்தாள். (மராத்தியில் தாயி என்றால் அக்கா.) கழுத்தில் விசில், இடுப்பில் சாவிக்கொத்து. நாலு மணிக்குத் திறப்பாள், ஆறரைக்குப் பூட்டுவாள். முன்கூட்டியே பெயர் கொடுத்த குழந்தைகளுக்குத்தான் அனுமதி. பெற்றவர்கள் வந்து நின்றால் ஒழிய எந்தக் குழந்தையையும் வெளியே விடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, அதனால் பார்க்குக்கும் லீவு.

என் உத்தியோகமே அந்தத் தாயியின் சாவிக்கொத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஃபோர்ட்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. என் கணவர் ரமணி வீடு வர எட்டு மணி ஆகும். மகள் அம்முவுக்கு அப்போது எட்டு வயது. ஸ்கூல் பஸ் அவளைப் பார்க் வாசலிலேயே இறக்கிவிடும். நான் ஹார்பர் லைன் வண்டியைப் பிடித்து, செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஓடி, தாயி பூட்டை எடுக்கும் நேரத்துக்கு மூச்சிரைக்கப் போய் நிற்பேன். வருஷக்கணக்காக அப்படித்தான் ஓடியது.

இந்த நிலையில்தான் தலையில் இடி விழுந்தது. பார்க்கைத் திறந்த பார்க்காக ஆக்கப் போகிறார்களாம். பூட்டு கிடையாது, தாயி கிடையாது, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நகரசேவகர் (நம் ஊர்க் கவுன்சிலர்தான்) வார்டு ஹாலில் கூட்டம் போட்டு மக்கள் கருத்தைக் கேட்கப் போகிறார் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. தாயி போனால் என் வேலையும் போகும்.

"நான் பேசப் போறேன்" என்றேன் ரமணியிடம்.

"எந்த பாஷையில?" என்றார்.

நியாயமான கேள்வி. என் மராத்தி வெண்டைக்காய் பேரம் வரைக்கும் வரும், அதற்கு மேல் ஏறாது. என் ஹிந்தியோ கேட்கிறவர்கள் பாவம் பார்க்கும் ரகம். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பேசினால்தானே பிரச்சினை? காட்டிவிட்டால்? நவராத்திரிக் கொலுவில் படிக்குப் பக்கத்தில் மண்ணைக் கொட்டி, கடுகு தூவி, முளைக்க வைத்து, பார்க் கட்டுவோமே, அதுபோல நம் பார்க்கை ஒரு பலகையில் கட்டி எடுத்துப்போய்விடலாம் என்று முடிவு செய்தேன். (இந்தியாவில் எத்தனையோ மாநகராட்சிகள் உண்டு. கொலு பார்க்கோடு கூட்டத்துக்குப் போன ஒரே வரிகட்டுபவர் நானாகத்தான் இருப்பேன்.)

எங்களிடம் பொம்மை கிடையாது. எதிர்வீட்டு ஜெயா மாமியிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய உண்டு. ஜூன் மாதத்தில் போய்க் கொலு பொம்மை கேட்டதும் மாமி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜுரம் ஒண்ணும் இல்லையே?"

"மாமி, அம்முவுக்காக."

அம்மு பெயரைச் சொன்னால் மாமி கரைந்துவிடுவாள். பெட்டியைத் திறந்தாள். பழைய வேஷ்டித் துணியை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அப்போதுதான் ஓர் உண்மை தெரிந்தது. கொலு பொம்மைகளில் குழந்தைகளே கிடையாது. கல்யாண கோஷ்டி இருக்கிறது, கச்சேரி கோஷ்டி இருக்கிறது, ஊஞ்சலாட ஒரு பிள்ளை இல்லை. இருந்த ஒரே குழந்தை, கையில் வெண்ணெயோடு தவழும் கிருஷ்ணன். மாமியின் கல்யாணத்துக்கு வந்த மண்பொம்மை. போன நவராத்திரியில் வைத்த குங்குமம்கூட நெற்றியில் அப்படியே இருந்தது.

"இவன் மட்டும் பத்திரம்டி மைதிலி. அப்படியே ஆத்துக்குத் திரும்பி வரணும்" என்றாள்.

"நானே மடியில வெச்சுண்டு வரேன் மாமி."

தாயி வேஷத்துக்குச் செட்டியார் பொம்மையின் மனைவியைத் தேர்ந்தெடுத்தேன். இருவரும் ஒரே பலகையில் ஒட்டியிருந்ததால், தொப்பையும் வழுக்கையுமாகப் பருப்புக் குவியல்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த செட்டியாரும் கூடவே வந்தார். பெற்றவர்கள் வேஷத்துக்குக் கல்யாண கோஷ்டி. கடுகு தூவினேன். பம்பாய் மழைக்காலத்துப் புழுக்கத்தில் அது முளைக்கவில்லை, பொங்கியது. கூட்டத்தன்று காலையில் செட்டியார் கழுத்தளவு காட்டில் உட்கார்ந்திருந்தார். கத்தரிக்கோலால் வெட்டிச் சரிசெய்தேன்.

ஆட்டோவில் ரமணி பலகையை மடியில் வைத்துக்கொண்டார். நான் கிருஷ்ணனை வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கல்யாண கோஷ்டி ஒருமுறை குப்புற விழுந்து எழுந்தது.

ஹால் நிறைந்திருந்தது. பார்க்கைத் திறந்துவிடச் சொல்லும் எதிர்த்தரப்பில் முன்வரிசையில் செல்வி. எங்கள் காலனிக்கே இட்லி மாவு கொடுக்கிறவள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, பின்சந்தில் வீடு, புருஷனுக்குத் தாராவியில் ஒரு பட்டறையில் வேலை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"யக்கா, நீங்களும் வந்திட்டியளா? என்ன யக்கா இது, கொலுவா?"

"பொறுத்துப் பாரு" என்றேன். என்ன மிதப்பு!

என் முறை வந்தது. பலகையை மேஜைமேல் வைத்தேன். நகரசேவகர் குனிந்து பார்த்தார். அவருக்கும் தொப்பை, வழுக்கை. செட்டியாரும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட அந்தக் கணம் இன்னமும் என் கனவில் வரும். பின்னாலிருந்து யாரோ, "அரே, சாஹேப்!" என்று கத்தினார்கள். ஹாலே சிரித்தது. சாஹேப் சிரிக்கவில்லை.

நான் அசரவில்லை. தயாரித்து வைத்திருந்த ஹிந்தியில் ஆரம்பித்தேன். "இது இன்றைய பார்க். கேட் மூடியிருக்கிறது. தாயி இருக்கிறாள். குழந்தை பத்திரம்." தலையாட்டினார்கள். அடுத்து தாயியை எடுத்து ஓரமாக வைத்தேன். (செட்டியாரும் கூடப் போனார். அதில் சாஹேபுக்குக் கொஞ்சம் நிம்மதி.) ஐஸ்கிரீம் குச்சி கேட்டைத் திறந்தேன். "இது நாளைய பார்க். குழந்தை வெளியே வருகிறது." கிருஷ்ணனைத் தவழவைத்து ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். "அப்போது ஒரு லாரி வருகிறது!"

அம்முவின் பிளாஸ்டிக் லாரியை எடுத்துக் கிருஷ்ணனை நோக்கி வேகமாகத் தள்ளினேன்.

ஹாலில் எழுந்த கூக்குரலை என்னால் எழுத முடியாது. குங்குமப் பொட்டோடு வெண்ணெயைக் கையில் வைத்துச் சிரிக்கும் பாலகிருஷ்ணன்மேல், நைலக்ஸ் புடவை கட்டிய ஒரு மதராஸி லாரி ஏற்றுகிறாள். ஒரு மராத்திப் பாட்டியம்மா "ஹே ராம்!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைக்கு ஓடிவந்தார். அவருக்கு முன்னால் செல்வி வந்துவிட்டாள். கிருஷ்ணனை அப்படியே அள்ளி எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடுகுப் புல்லுக்கு நடுவே, ஊஞ்சலுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள். பிறகு நிமிர்ந்து, சாஹேபைப் பார்த்து, சுத்தமான பம்பாய் ஹிந்தியில் கேட்டாள்:

"ஜிதர் பகவான் கேல்தா ஹை, உதர் தாலா லகானேகா?"

சாமி விளையாடுகிற இடத்துக்குப் பூட்டா போடுவது! அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் சொன்னதெல்லாம் கூடுதல். அவள் பிள்ளைகள் இரண்டும் மாநகராட்சிப் பள்ளியில் மதிய ஷிப்ட். அவர்கள் வீடு வரும்போது பார்க் பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் பூட்டியிருக்கும். கம்பிக்கு வெளியே நின்று ஊஞ்சலை வேடிக்கை பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். எங்கள் வீட்டுக்கு அத்தனை வருஷம் மாவு கொடுத்தாளே, அவள் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

"பரோபர்!" (ரொம்பச் சரி!) என்று சாஹேப் மேஜையைத் தட்டினார். பார்க் திறந்தே இருக்கும். அதோடு, இந்தக் கிருஷ்ணனைப் பார்க் வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்துப் பிரதிஷ்டை செய்வோம், இந்தச் சகோதரி அன்போடு கொடுத்திருக்கிறார் என்றார். கைதட்டல். ரமணி எழுந்து, "சாஹேப், ஓ மாமி கா ஹை" (அது மாமியுடையது) என்றார். சாஹேப் கைகூப்பி, "மாமிக்கும் என் நமஸ்காரம்" என்றார். யாரோ ஆரத்திப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். என் கட்சி ஆட்களும் சேர்ந்து பாடினார்கள்.

வெளியே வந்தபோது எனக்கு அழுகை முட்டியது. சுலபா தாயிக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தேடினேன். அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இனி அவளுக்குத் தேவ்நார் பக்கம் ஏதோ ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே நாற்காலியாம், மான்குர்த் வீட்டுக்கு ஒரே ஸ்டேஷனாம், வருஷக்கணக்காகக் கேட்டுக் கிடைக்காததாம். "தாங்க்யூ, தாங்க்யூ" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

செல்வி தயங்கித் தயங்கி வந்தாள். "யக்கா, கோவப்படாதிய. ஒங்க புள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். அவள்மேல் அப்படி ஒரு கோபம்.

வீட்டு வாசலில் ஜெயா மாமி காத்திருந்தாள். பலகையை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கேடி அவன்?"

சொன்னேன். மாமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சத்தம் எனக்கு வேலை போவதைவிடப் பெரிதாகக் கேட்டது.

பூட்டில்லாத முதல் நாள் ஆபீஸில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. லீவு சொல்லத் தைரியமில்லை, ராஜினாமா எழுத மனசில்லை. ஸ்டேஷனிலிருந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடினேன். பார்க் வாசலில் மாவு டப்பாக்களைப் பரப்பி வியாபாரம் செய்துகொண்டிருந்தாள் செல்வி. கழுத்தில் சுலபா தாயியின் விசில். அம்மு சறுக்குமரத்தின் உச்சியில் இருந்தாள். செல்வி விசிலை ஊதி, "ஏ அம்மு, ஒங்கம்மை வந்தாச்சு!" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் எனக்கு அரை கிலோ மாவு கொடுத்தாள். அதற்கப்புறம் வேலையை விடும் பேச்சே எழவில்லை.

ஜெயா மாமி சில நாள் கழித்து யாருக்கும் தெரியாமல் பார்க்குக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்து நேராக எங்கள் சமையலறைக்குள் நுழைந்தாள்.

"நன்னாத்தான் இருக்கான். குழந்தைகள் சத்தம் இருக்கு, காத்து இருக்கு. எங்காத்துல வருஷம் பூரா டிரங்குப் பெட்டிக்குள்ள இருட்டுல கெடந்தான், பாவம்" என்றாள். பிறகு காபி கேட்டாள். போன உயிர் எனக்கு அப்போதுதான் வந்தது.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அம்மு இப்போது புனேயில் காலேஜ் படிக்கிறாள். நவராத்திரிக்கு வந்து மாமிக்குப் படி கட்டிக் கொடுப்பது அவள்தான். மூன்றாம் படியில் ஓர் இடம் மட்டும் காலியாகவே இருக்கும். நான் பிராயச்சித்தமாக வாங்கிக் கொடுத்த புதுக் கிருஷ்ணனை மாமி ஐந்தாம் படியில்தான் வைப்பாள். சுண்டலுக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்கள், "என்ன மாமி, அங்கே ஒரு பொம்மை குறையறதே?"

"அம்மா லாரி ஏத்தப் பாத்தா, பயந்து ஓடிட்டான்" என்பாள் அம்மு. எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான், வேறென்ன செய்ய?

மாமி மட்டும் அந்தக் காலி இடத்தில் ஒரு பூவை வைத்துக்கொண்டே சொல்வாள்: "அவன் பார்க்குக்குப் போயிருக்கான். இன்னும் ஆட்டம் முடியலை."