பக்கத்து ஆள் டார்கெட்டில் என் அம்பு

பொய்களிலேயே ரொம்பச் சுலபமானது, படிவத்தில் டிக் போட்டுச் சொல்கிற பொய். வாயைத் திறக்க வேண்டாம், திருதிருவென்று முழிக்கவும் வேண்டாம். முப்பத்தாறு வயதில் நான் அப்படி ஒரு டிக் போட்டேன். அதற்கான தண்டனையை வேப்பம்பட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் அம்மா, கணவர், இரண்டு பெண்கள் முன்னிலையில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எனக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகார் கேட்கும் வேலை. வாரம் ஆறு நாள் ஊரார் திட்டையெல்லாம் "புரியுதுங்க சார்" என்று கேட்டுவிட்டு, ஏழாம் நாள் எதன் மீதாவது எதையாவது எய்தே ஆக வேண்டும் போலிருந்தது. வேப்பம்பட்டில் கவிதா என்ற பெண் பழைய முறை மர வில்லில் பயிற்சி தருகிறாள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆனால் முதல் நாளே அதட்டலில் குறை வைக்கவில்லை.

"உன் வில்லு உன்னவிட ஒரு சாண் உசரமா இருக்கணும்க்கா. மொதல்ல இருவது பவுண்டு இழுவை போதும்."

"நான் தண்ணி கேனையே மூணாவது மாடிக்குத் தூக்குவேன்மா. முப்பத்தஞ்சு போடு" என்றேன். (தூக்குவது என் கணவர். நான் கூடவே ஏறுவேன்.)

அடுத்து கண் சோதனை. இரண்டு கைகளையும் நீட்டி, நடுவில் சின்ன ஓட்டை விட்டு, தூரத்து வேப்ப மரத்தைப் பார்க்கச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னாள். இடது கண்ணை மூடினால் மரமே காணோம்.

"உனுக்கு இடது கண்ணுதான் குறி பாக்குது. இடது கையால நாண இழுக்கற மாதிரி வில்லு செய்யச் சொல்லலாம்" என்றாள்.

இங்கேதான் சிக்கல். நான் பிறவியிலேயே இடது கைக்காரி. எங்கள் பூந்தமல்லி வீட்டில் அது செல்லுபடியாகவில்லை. சோறு, எழுத்து, சலாம், ஒருவருக்கு ஒன்றை நீட்டுவது எதுவானாலும் பீச்சாங்கை முன்னே வந்தால் அம்மாவின் கை அதன் மேல் பட்டென்று விழும். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் நான் முழு வலது கைக்காரி ஆகிவிட்டேன். கரப்பான்பூச்சியை அடிப்பது மட்டும் இன்றுவரை இடது கைதான். அந்த அவசரத்தில் அம்மாவும் கண்டுகொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொண்டால்தான் எனக்கு வில். அவளோ, "மொத நாளு நான் வந்து பாப்பேன். அப்பறம்தான் சொல்லுவேன்" என்று சொல்லியிருந்தாள். பிஸ்மி சொல்லி ஆரம்பிக்கிற காரியத்தை அவள் கண்ணெதிரே பீச்சாங்கையால் ஆரம்பிப்பதா? மண்ணூர்பேட்டைத் தச்சுப் பட்டறைக்குப் போகும் படிவத்தில் 'எந்தக் கை' என்ற இடத்தில் 'வலது' என்று டிக் போட்டேன். கவிதா ஒரு மாதிரிப் பார்த்தாள். "எனக்கு வலதுதான் பழக்கம்" என்று அடித்துச் சொன்னேன்.

ஒரு மாதத்தில் வில் வந்தது. அழகான வில். நாணை ஒருமுறை இழுத்துப் பார்த்ததும், தண்ணீர் கேன் விஷயத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

ஆவடிவரை பஸ், பிறகு ரயில் என்று எங்கள் படை வேப்பம்பட்டில் இறங்கியது. அம்பு விடுகிற கோட்டுக்குப் பின்னால் அம்மா நாற்காலி போட்டு அமர்ந்தாள். என் இடப்பக்கம் தினகரன் சார். ஆவடியில் மருந்துக்கடை வைத்திருப்பவர், எட்டு மாதமாகப் பயிற்சி எடுப்பவர். அவர் அம்புக்குச் சிவப்பு இறகு, என்னுடையதற்குப் பச்சை.

பிஸ்மி சொல்லி இழுத்தேன். கை நடுங்கியது, தோள் நடுங்கியது, எனக்குச் சம்பந்தமில்லாத முழங்காலும் நடுங்கியது. விட்டேன். நாண் என் இடது முன்கையில் பளாரென்று அறைந்தது. அம்பு நேராகப் போய் டார்கெட்டின் நட்ட நடு மஞ்சள் வட்டத்தில் குத்தி நின்றது.

தினகரன் சாருடைய மஞ்சளில்.

"மாஷா அல்லாஹ்! நடுவுல!" என்று அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். எது என் டார்கெட் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. திரும்பி அடக்கமாக ஒரு சிரிப்பு சிரித்தேன். இரண்டாவது பொய்யும் வாயைத் திறக்காமலே முடிந்தது.

அடுத்த இரண்டு அம்புகளும் அங்கேயே போயின. அம்மா அறிவித்தாள்: "இனிமே ஞாயித்துக்கெழம புள்ளைங்கள நான் பாத்துக்கறேன். நீ வந்துகினே இரு."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கவிதா விசில் ஊதினாள். எல்லோரும் அம்பு பிடுங்கப் போனார்கள்.

"கவிதாம்மா, இன்னாது இது? எட்டு மாசமா நான் தொடாத மஞ்சள்ல பச்சையா ஒண்ணு கீது. சுத்தி இன்னும் ரெண்டு கீது!" என்று தினகரன் சார் மைதானம் முழுக்கக் கேட்கக் கூவினார். என் டார்கெட் கடையிலிருந்து வந்த மேனிக்கு இருந்தது.

"அப்போ அது உன்னுது இல்லியா?" என்றாள் அம்மா.

கவிதா இடுப்பில் கைவைத்தாள். "அக்காவுக்கு இடது கண்ணும்மா. வலது கையால நாண இழுத்தா அம்பு இடப்பக்கம்தான் ஓடும். அன்னிக்கே சொன்னேன், கேக்கல."

"ஏன்டி கேக்கல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீதாம்மா அடிப்பே" என்றேன். முப்பத்தாறு வயசுக்காரி, இரண்டு பிள்ளைகள் முன்னால்! அந்த நொடி அம்மா மேல் எனக்குக் கோபம்தான், முப்பது வருடம் தாமதமாக வந்த கோபம். அவளுக்குப் பயந்து நல்ல வில்லைக் கெடுத்த என் மேல் அதைவிடக் கோபம்.

அம்மா என் இடது கையைப் பிடித்து, நாண் பட்டுச் சிவந்த இடத்தைத் தடவினாள். பிறகு கவிதாவிடம் கேட்டாள்: "அந்தக் கைக்கு ஆவற வில்லு கீதா?"

இருபது பவுண்டில் பழைய பயிற்சி வில் ஒன்று இருந்தது. வாங்கிக்கொண்டு தயங்கினேன். "பிஸ்மி சொல்லிட்டு இந்தக் கையாலயாம்மா?"

"பிஸ்மி வாயாலதானே சொல்ற? சொல்லிட்டு இழு."

இழுத்தேன். முழங்கால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. அம்பு போய் டார்கெட்டின் அடி ஓரத்தில் தொற்றிக்கொண்டது.

"இது யாரு போர்டு?" என்று அம்மா உஷாராகக் கேட்டாள்.

"என்னுது."

"அப்போ ஞாயித்துக்கெழமைக்கு நான் சொன்னது சொன்னதுதான்" என்று மறுபடி உட்கார்ந்தாள்.

அந்த முப்பத்தைந்து பவுண்டு வில்லை இப்போது என் கணவர் எய்கிறார். அவர் விடும் மூன்றில் ஒன்று இன்னும் தினகரன் சாருக்குத்தான் போகிறது. இடது கண் என்று சாக்குச் சொல்லக்கூட என் கணவருக்கு வழியில்லை.

போன மாதம் ஒரு நிக்காஹ் வீட்டில், பக்கத்து மேஜைக் குழந்தை இடது கையை ஜிலேபிக்கு நீட்ட, அதன் தாய் கையை ஓங்கினாள். என் அம்மா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"உட்டுடு கண்ணு. நானும் ஒருத்திய இப்படித்தான் தட்டித் தட்டித் திருத்தினேன். அவ போயி மருந்துக்கடைக்காரரு போர்டுல அடிச்சா" என்றாள்.