பெருமூச்சு விட்டால் இருபத்துமூன்று சதவீதம்

வணக்கம் கண்ணுகளா, எல்லாரும் சௌக்கியமா? இந்தக் குளிரில் மூட்டுவலிக்காரர்கள் பாடு எப்படி? நம் கொரிய வீட்டுத் தரையை நன்றாகச் சூடாக்கி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசியுங்கள். எங்கள் தேஜோன் நகரத்தில் நடந்த கூத்து இது.

எங்கள் ஊரில் யாரிடமாவது போய், ஜாதகம் பார்த்துக் கல்யாணம் செய்வது மூடநம்பிக்கை என்று சொல்லிப் பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "மூடநம்பிக்கையா? அது புள்ளியியல்ங்க! ஆயிரம் வருஷத்துத் தரவு!" என்பார்கள். அந்தத் தரவை யார் சேர்த்தது, எங்கே வைத்திருக்கிறார்கள், பொருத்தம் பார்த்துக் கட்டிக்கொண்டு நாசமாய்ப் போனவர்கள் அதில் உண்டா என்று கேளுங்கள். அவர்களுக்கு அவசரமாக பஸ் வந்துவிடும்.

இந்த ஒரு சொல்லை வைத்தே மாடி மேல் மாடி கட்டியவர் டாக்டர் மேங். பழைய ஜோசியர்கள் ஊதுபத்தி ஏற்றுவார்கள், மணி அடிப்பார்கள். இவர் வெள்ளைக் கோட்டு மாட்டுவார், இரண்டு கணினித் திரையில் வளைகோடு ஓடவிடுவார். பையனும் பெண்ணும் பிறந்த வருடம், மாதம், நாள், நேரம் கொடுத்தால் பொருத்தம் எத்தனை சதவீதம் என்று அச்சடித்துத் தருவார். எந்தப் பல்கலைக்கழகத்து டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கோட்டு வெள்ளையாக இருந்ததே, போதாதா! பொரித்த கோழிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் அலுவலகம். விடிந்தால் படிக்கட்டு முழுக்க அம்மாக்கள். அவர்களுக்குப் பார்லி டீ கொடுத்து, குசலம் விசாரித்து, தேதி எழுதின தாளை உள்ளே கொண்டுபோக ஒரு அக்கா. வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: "எங்கள் கணிப்பு தொண்ணூற்றிரண்டு சதவீதம் பலித்தது."

தாக் மால்சுன் அம்மாவும் அந்தப் படிக்கட்டில் ஏறினார். ஒரே மகன் தேஹுனுக்கு இலையுதிர் காலத்தில் கல்யாணம். மண்டபம் பேசியாகிவிட்டது. பெண் பெயர் சேரின். நகராட்சி நூலகத்தில் வேலை. நல்ல பெண்தான். ஆனால் பையனைவிட மூன்று வயது பெரியவள். அந்த மூன்று வயது மால்சுன் அம்மாவின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

இறங்கி வந்தபோது கையில் ஒரு தாள். இருபத்துமூன்று சதவீதம்.

அன்று மாலையே இருவரையும் வீட்டுக்கு அழைத்து, சாப்பாட்டு மேசையில் தாளை வைத்தார்.

"மண்டபத்துக்குச் சொல்லிடு. கல்யாணம் வேணாம்."

"அம்மா, என்னம்மா இது! ஒரு காகிதத்துக்காகவா?" தேஹுன் கத்தினான்.

"காகிதம் இல்லடா, கணக்கு! அந்த ஆளு பிரிஞ்சுடும்னு சொன்ன ஜோடி எல்லாம் பிரிஞ்சிருக்கு. எங்க மலையேற்றக் கூட்டத் தலைவி ஓக்புன் சொன்னா."

சேரினின் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த வருடம் அவள் மாலைநேரங்களில் ஒரு தடித்த புள்ளியியல் பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பாதிப் பக்கம் சூத்திரம், மீதிப் பக்கம் தலைவலி.

"அத்தை, அந்த ஜோடிங்க ஏன் பிரிஞ்சாங்க?"

"பொருத்தம் இல்ல, பிரிஞ்சாங்க."

"இல்லத்தை. அவர் பிரியும்னார், வீட்ல பிரிச்சுவிட்டாங்க. இப்போ நீங்க எங்களைப் பிரிச்சா நாங்களும் பலிச்ச கணக்குல சேர்ந்துடுவோம். சேர்ந்து வாழ்வாங்கன்னு அவர் சொல்லி, அப்புறம் கோர்ட்டுக்குப் போனவங்க எத்தனை பேரு? அவங்க படியேறி வந்து சொல்லியிருப்பாங்களா?"

மால்சுன் அம்மா சூப்பைக் கலக்கினார். "படிச்ச பொண்ணு பேசத்தான் செய்வ. நம்பருக்குப் பதில் சொல்லு."

"சரி, நம்பராலேயே சொல்றேன். உங்க மலையேற்றக் கூட்டத்துல எட்டுப் பேரைக் கூப்பிடுங்க. ஆளுக்கு ஒரு பொய்ப் பேரு. ஆனா எல்லாரும் எங்க ரெண்டு பேரோட பிறந்த நேரத்தையே கொடுக்கணும். காத்திருக்கும்போது பாதிப் பேரு மருமகளை நினைச்சுப் பெருமூச்சு விடணும், பாதிப் பேரு புகழணும். எல்லாரும் கொடுக்கிற தேதியும் நேரமும் ஒண்ணுதானே? அப்போ எட்டுத் தாள்லயும் இருபத்துமூணுதான் வரணும்."

"வந்துட்டா?"

சேரின் தன் நிச்சய மோதிரத்தைப் பார்த்தாள். "வந்துட்டா மோதிரத்தைக் கழட்டி உங்க கையிலேயே கொடுத்துடறேன்."

"ஏய், பைத்தியமா உனக்கு?" என்றான் தேஹுன். மால்சுன் அம்மாவோ முதல்முறையாக வருங்கால மருமகளைப் பார்த்துச் சிரித்தார். வலையில் மீன் தானாகக் குதித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது!

ஞாயிற்றுக்கிழமை மலையில், கிம்பாப் சோற்றுருளைப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டே சீட்டுக் குலுக்கினார்கள். தலைவி ஓக்புனின் வெயில்தொப்பிதான் குடம். நான்கு சீட்டில் பெருமூச்சு, நான்கில் புகழ்ச்சி.

"எனக்குப் பெருமூச்சா? அதுக்கு நடிக்கவே வேணாமே, என் சொந்த மருமகளை நினைச்சாப் போதும்!" என்றார் ஓக்புன்.

"ஏன் சீட்டு? யாருக்கு எது நல்லா வருமோ அதைப் பிரிச்சுக் கொடுத்துடலாமே?" என்றார் இன்னொருத்தி.

"அப்படிக் கொடுத்தா நானே எனக்குச் சாதகமா ஆள் பொறுக்கினேன்னு ஆகிடும் அக்கா. குலுக்கலுக்கு யார்மேலயும் பாசம் இல்ல" என்றாள் சேரின்.

திங்கள் தொடங்கிச் சனி காலை வரை எட்டுப் பேரும் ஒவ்வொருவராக மேங்கின் படிக்கட்டில் ஏறினார்கள். அந்த வாரம் முழுக்க சேரின் சரியாகச் சாப்பிடவில்லை. மேங் ஏமாற்றுக்காரர் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கொஞ்சம் புத்தியுள்ள ஏமாற்றுக்காரராக இருந்துவிட்டால்? ஒரே தேதி திரும்பத் திரும்ப வருகிறதே என்று கண்டுபிடித்து, எட்டுப் பேருக்கும் இருபத்துமூன்றே அடித்துக் கொடுத்துவிட்டால்? மோதிரம் போச்சு, தேஹுனும் போச்சு. புத்தகத்தை விரித்தால் எழுத்தெல்லாம் எறும்பாக ஓடியது.

சனிக்கிழமை டாக்டர் மேங்கின் இலவசச் சொற்பொழிவு. அரங்கம் நிரம்பி, ஓரத்திலெல்லாம் நின்றார்கள். எட்டுப் பேரும் ஆளுக்கொரு மூலையில், உறை பிரிக்காத தாளோடு உட்கார்ந்திருந்தார்கள். பிரிக்கக் கூடாது என்பது மால்சுன் அம்மாவின் உத்தரவு.

"தரவு பொய் சொல்லாது!" என்று மேங் கையை உயர்த்தினார். கைதட்டல்.

ஓக்புன் எழுந்தார். "டாக்டர் ஐயா, ஒரு சந்தேகம். ஒரே பிறந்த நேரம் கொடுத்தா ஒரே சதவீதம்தானே வரும்?"

"நிச்சயமா! கணினிக்கு உங்க முகம் தெரியுமா, எங்க முகம் தெரியுமா?"

"அப்போ பிரிங்கடீ!"

உறைகள் கிழிந்தன. பெருமூச்சு விட்டவர்கள் ஒவ்வொருவராகப் படித்தார்கள். பத்தொன்பது. இருபத்தேழு. இருபத்தொன்று. இருபத்துநாலு. பிறகு புகழ்ந்தவர்கள். எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றுநாலு.

"எட்டும் ஒரே ஜோடி! ஒரே தேதி, ஒரே நேரம்!" என்று ஓக்புன் தாள்களைத் தூக்கிக் காட்டினார்.

மேங் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "புள்ளியியல்ல பிழை இருக்கத்தான் செய்யும். உங்களுக்குப் புரியாது."

சேரின் எழுந்தாள். "பிழைக்கு யாரு பெருமூச்சு விட்டாங்கன்னு எப்படிங்க தெரியும்? பிழைன்னா கலந்துல்ல வரணும்? இப்படி நாலும் நாலுமா சுத்தமாப் பிரியறதுக்குக் குருட்டு அதிர்ஷ்டத்துல எழுபதுல ஒரு வாய்ப்புதான். உங்க கணினிக்கு முகம் தெரியாது. ஆனா வெளிய பார்லி டீ கொடுக்கிற அக்காவுக்கு நல்லாத் தெரியுது. 'மருமக எப்படி?'ன்னு கேட்டுட்டு, தேதி எழுதின தாளை அவங்கதானே உள்ள கொண்டுவர்றாங்க?"

டீ கொடுக்கும் அக்கா அப்போதுதான் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்.

"யோவ், ஒரே தேதி வாரம் முழுக்க வந்துச்சே, அதைக்கூடப் பார்க்கலையா? ஆயிரம் வருஷத் தரவைப் பார்த்தவரு ஆறு நாள் தரவைப் பார்க்கலையாம்!" என்று பின்வரிசையில் எட்டுப் பேரில் ஒருத்தியின் குரல். சிரிப்பு வெடித்தது. அதே வாயால் இந்த ஆளைக் கடவுள் என்றவர்கள்தான் இப்போது விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேங் பின்கதவைத் தேடினார். அங்கே, இவர் தாளை நம்பி மகனின் நிச்சயத்தை ஏற்கெனவே முறித்த அம்மா ஒருத்தி வழிமறித்து நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் மால்சுன் அம்மா சேரினோடு அரங்கத்துப் படியில் மெல்ல இறங்கினார். "அப்போ அந்த இருபத்துமூணு...?"

"உங்க பெருமூச்சுதான் அத்தை. வயசைச் சொல்லி டீக்கார அக்காகிட்ட விட்டிருப்பீங்களே, அதைத்தான் அச்சடிச்சுக் கொடுத்தார்."

"மூணு வயசு எனக்கு இன்னும் பிடிக்கலைதான்" என்றார் மால்சுன் அம்மா.

"அதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே அத்தை. நான் காசு வாங்காமக் கேட்டிருப்பேன்."

மால்சுன் அம்மா அவளை முறைத்தார். முறைப்பு நிலைக்கவில்லை. "கல்யாணத்துல மாப்பிள்ளையோட அம்மா வழக்கப்படி நீலப் பட்டுதானே கட்டணும்? நாளைக்குக் கடைக்கு வா. நீ பார்த்துச் சொல்லு, எனக்கு அந்த வெளிர்நீலம் எடுக்காது."

மேங் ஊரைவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஊரில் கோட்டுக்கு வேறு நிறம் போட்டிருப்பார். அங்கேயும் படிக்கட்டு நிறையும். ஏன் நிறையாது? நம் மனசில் இருப்பதை நம்மிடமே வாங்கி, பக்கத்தில் ஒரு சதவீதக் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தால், அதை அறிவியல் என்று கும்பிடும் தலைகள் இருக்கும்வரை நிறையும். நம்பரைக் கண்டதும் தலையைக் கழற்றிக் கொடுக்காதீர்கள், கண்ணுகளா. எண்ணியது யார், எதை எண்ணாமல் விட்டார் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

உங்கள் ஊர் மேங் யார்? அவர் எப்படி ஏமாற்றினார், நீங்கள் எப்படி ஏமாந்தீர்கள், வெட்கப்படாமல் எனக்கு எழுதுங்கள்.