எங்கள் தோட்டத்து எண்ணெய் மந்திரி

உலகத்தில் எந்த மூலையில் எண்ணெய்க் கிணறு பற்றி எரிந்தாலும், அந்தப் புகைக்கு முதலில் இருமுகிறவர் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில்தான் இருந்தார். அவருக்கு ஒரு பெயர் உண்டு. சம்பளச் சீட்டில் மாதா மாதம் அதை அடித்த ஆபீஸ் கிராணி நான். எனக்கே சட்டென்று வாயில் வராது. தோட்டம் முழுக்க அவர் எண்ணெய் மந்திரி. தொழில், மலைச்சரிவில் பறித்த கொழுந்தை லோரியில் ஏற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுவருவது. அது அவருக்கு உபதொழில்தான். உலக எண்ணெய் நிலவரத்தைக் கவனிப்பதுதான் முழுநேர வேலை. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

பட்டம் கொடுத்தது கொழுந்து பறிக்கும் முனியம்மா அக்கா. ஒரு நாள் காலைப் பெரட்டில் கங்காணி ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருக்கும்போது மந்திரி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"எண்ணெ சுத்தம் பண்ற ஆலையில டிரோன் உட்டு அடிச்சிட்டானுங்கலா! எல்லாரும் தக்காளி வாங்கி வச்சிக்குங்க!"

"தக்காளி நம்ம பக்கத்துலதான காய்க்குது?" என்றாள் முனியம்மா அக்கா.

"தக்காளி இங்க காய்க்குது. வெல அங்க காய்க்குது! உரம் கப்பல்ல வருது, அப்புறம் லோரியில மல ஏறுது. எல்லாம் எண்ணெ குடிக்குதா இல்லையா?"

"போயா, பெரிய எண்ணெ மந்திரி!"

பெரட்டே சிரித்தது. அன்றிலிருந்து பதவி நிரந்தரமாகிவிட்டது. அடுத்த வாரம் தக்காளி விலை நிஜமாகவே ஏறியதை மட்டும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

மந்திரிக்குப் பாடம் நடத்துவதில் அலாதி பிரியம். லைன் வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்க் குழாய்க்கு ஒரு நீளமான ரப்பர் டியூப் மாட்டியிருக்கும். பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து மந்திரி அதை ஓங்கி மிதித்தார். தண்ணீர் நின்றது.

"இதான் ஜலசந்தி! இத்துணூண்டு எடம். இது வழியாத்தான் கப்பலெல்லாம் வரணும். ஒருத்தன் இங்க கால வச்சான்னா, அங்க ஒங்க வாளியில என்னா வரும்?"

"மொதல்ல கால எடுயா, சோறு பொங்கணும்!"

"அப்பிடிக் கேட்டா எடுப்பானா? பேச்சுவார்த்த நடத்தணும்!"

பேச்சுவார்த்தைக்கு வந்தவர் கங்காணி. அவர் குனிந்து டியூபின் முனையைக் கையில் எடுத்த அதே நொடியில் மந்திரி பெருந்தன்மையாகக் காலை எடுத்தார். கேமரன் குளிரில், காலை ஆறு மணிக்கு, கங்காணி தலை முதல் கால் வரை நனைந்தார். அடுத்த மூன்று நாட்களுக்கு மந்திரியின் லோரிக்குக் கொழுந்து மூட்டை தூக்க ஆள் கிடைக்கவில்லை. "பொருளாதாரத் தட" என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தார்.

இன்னொரு தடவை எங்கோ சண்டை பெரிதாகப்போகிறது என்று நம்பி, பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் டீசல் வாங்கி வந்து வீட்டில் இருந்த பாத்திரத்தில் எல்லாம் நிரப்பிவிட்டார். அவர் மனைவி செல்லம்மா அக்கா கத்திய கத்தல் என் ஆபீசுக்கே கேட்டது.

"ஊறுகா ஜாடியில எவனாச்சும் டீசல் ஊத்துவானா? ரசத்துல கூட அந்த வாடதான் அடிக்கிது!"

இதில் வேடிக்கை, மந்திரியிடம் சொந்தமாக டீசல் வண்டியே கிடையாது. ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான், அதுவும் பெட்ரோல். "அப்புறம் எதுக்கு மந்திரி?" என்று கேட்டேன்.

"தோட்டத்துல எண்ணெ இல்லன்னு சொல்லி பொதங்கெழம லோரிய நிப்பாட்டிட்டா? அதுக்குத்தான்" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் கசக்கிறது.

புதன்கிழமை லோரி என்பது எங்கள் தோட்டத்தின் பழைய வழக்கம். புதன்கிழமை மதியக் கொழுந்தை இறக்கியதும், அதே லோரியில் பலகை போட்டு உட்காரவைத்து, நோயாளிகளைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார் மந்திரி. சர்க்கரை, பிரஷர், கண், பல் எல்லாம் அன்றைக்குத்தான். முனியம்மா அக்காவுக்குக் காலில் சர்க்கரைப் புண். வாரம் தவறாமல் கட்டு மாற்ற வேண்டும்.

பிறகு நிஜமாகவே பெரிய தாக்குதல் நடந்தது. எண்ணெய்க் கிடங்குகள் எரிவதைத் தோட்டமே கைப்பேசியில் பார்த்தது. வாரா வாரம் அறிவிக்கும் டீசல் விலை குதித்தது. பத்தாம் நாள் ஆபீஸ் சுவரில் அறிக்கை ஒட்டினார்கள்: எரிபொருள் விலையேற்றம் காரணமாகப் புதன்கிழமை லோரி தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது. அதை அடித்ததும் நான்தான்.

முணுமுணுத்த பெண்களைச் சமாதானப்படுத்தியவர் யார் தெரியுமா? மந்திரிதான். வீடு வீடாகப் போய் விளக்கினார். நிர்வாகத்துக்கு இவ்வளவு நல்ல வக்கீல் காசு கொடுத்தாலும் கிடைத்திருக்க மாட்டார்.

"தொர மேல தப்பில்லலா. அங்க எரியிது, இங்க ஏறுது. அங்க அணைஞ்சா இங்க எறங்கும். எறங்குன மறுவாரம் லோரி வந்துரும். அதுவர பொறுத்துக்க முனிம்மா."

"நீ சொன்னா சரிதான்" என்றாள் அவள். அதற்கு முன் அவர் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை.

சில வாரங்களில் தீ அணைந்தது, விலையும் இறங்கியது. லோரி வரவில்லை. மந்திரி தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, இஸ்திரி போட்ட சட்டையோடு துரையைப் பார்க்க வந்தார். துரை என்றால் மேனேஜர்; நம்மவர்தான், நல்ல தமிழ் பேசுவார்.

"தொர, வெல எறங்கிருச்சிங்க."

"பார்த்தேன். ஆனா பதற்றம் இன்னும் இருக்கு. எப்ப வேணும்னாலும் திரும்ப அடிப்பாங்க."

மந்திரி வந்த வழியே திரும்பினார். உண்மையாகவே பதற்றம் இருந்தது. அடுத்த வாரம் மறுபடி வந்தார். "தொர, போர்நிறுத்தம் போட்டுட்டாங்க!"

"நிரந்தரமா?"

மந்திரி யோசித்தார். "அது… அவங்களே சொல்லலீங்க."

"அப்ப நாம எப்படி முடிவெடுக்கிறது?"

மந்திரி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். அவர் படியிறங்குவதற்குள் துரையின் பெரிய வண்டி கோல்ஃப் திடலுக்குக் கிளம்பிப் போனது. அதுவும் டீசல் வண்டிதான். போர் பற்றி அந்த வண்டிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முனியம்மா அக்கா பொறுத்துக்கொண்டிருந்தாள். வாடகைக் கார் அவளுக்குக் கட்டுபடியாகாது. பஸ் பிடிக்க மெயின் ரோடு வரை நடக்கக் காலும் முடியாது. ஒரு நாள் காய்ச்சலில் விழுந்தவளை ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். கால் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள்.

செய்தி வந்தபோது மந்திரி லோரி சக்கரத்தருகே குந்தியிருந்தார். "நாந்தான் பொறுத்துக்கன்னு சொன்னேன்" என்றார்.

அடுத்த புதன்கிழமை மதியம் கொழுந்தை இறக்கினார். பலகையைப் போட்டார். லைனில் லோரியை நிறுத்தி ஹாரன் அடித்தார். பதினோரு பேர் ஏறினார்கள். தலைமகளுக்குக் கல்யாணம் போல அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். மாலையில் கேட்டில் பாதுகாவலர் காத்திருந்தார்.

வேலைநீக்கக் கடிதம் அடிக்கத் துரை என்னைக் கூப்பிட்டார். "அனுமதியில்லாம தோட்டத்து வாகனத்தையும் எரிபொருளையும் பயன்படுத்தினார்னு போடுங்க கிராணி. ஒரு மாசத்துல வீட்டையும் காலி பண்ணணும்."

நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். எனக்கு அப்போது ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. குனிந்து அடித்தேன். மலாயில், ஒரு பிழை இல்லாமல்.

ஓய்வுக்குப் பிறகு, போன மாதம், மலையடிவாரத்துத் தாப்பாவில் ஒரு நாசிக் கண்டார் சோற்றுக் கடையில் அவரைப் பார்த்தேன். லெம்பா பெர்த்தாம் தோட்டக்காரர் ஒருவருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறாராம். உடம்பு பாதியாகியிருந்தது. நழுவிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் எழுந்து வந்து கையைப் பிடித்துவிட்டார்.

"பசியாறிட்டியா கிராணி? ஒக்காரு, ஒக்காரு."

எதிரில் டிவியில் எங்கோ ஒரு துறைமுகத்தில் கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"பாக்கலயா மந்திரி?"

"எரிஞ்சா உடனே சொல்லிருவானுங்க. அணைஞ்சாத்தான் எவனும் சொல்ல மாட்டான்" என்றார். பிறகு, "முனிம்மா நடக்குறாளா?"

"கம்பு வச்சு நடக்குது."

தலையாட்டினார். என் தட்டில் மீனைத் தள்ளி வைத்தார். "அந்தக் கடுதாசி…" என்று ஆரம்பித்தேன்.

"எம் மவகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். நல்ல மலாயாம், டீச்சர் எழுதுன மாதிரி இருக்காம்" என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. "நீ அடிக்கலன்னா வேற ஒருத்தன் அடிச்சிருப்பான். அவன் எம் பேர தப்பாப் போட்டிருப்பான். மீன சாப்புடு, ஆறுது."

சாப்பிட்டேன்.

வீடு திரும்பியதும் மனைவி, "தாப்பால யாரப் பாத்தீங்க, இவ்ளோ நேரம்?" என்று கேட்டாள்.

"அண்ணனப் பாத்தேன்" என்றேன்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் எந்த அண்ணன் என்று அவள் கேட்கவில்லை.