அண்டாவுக்காக ஆன்டெனா ஏறிய படலம்

வாழ்க நசீருதீன்! வாரறுந்த செருப்புகளின் வாழ்வாதாரமே, பாப்பிரெட்டிப்பட்டிப் பேருந்து நிலையத்தெதிர் காலணிக்கடையின் ஏகபோக மன்னரே, எவர் பாதத்தையும் கண்ணாலேயே அளந்து அரையங்குலம் சிறிதாய்த் தந்து, "போகப்போக இளகிடுங்க" என்று அருள்வாக்குரைக்கும் அண்ணலே, வாழ்க! அன்னாரின் அருஞ்செயலைப் பாடப் புகுந்த எனக்கு நா வறளாதிருக்க, சீனி தூக்கலான தேநீரே, நீயே துணை.

இளங்காளையாய்ச் சென்னைத் தோல் கிடங்கில் வேலைபார்த்த நாளில், முதலாளி வீட்டுக் கூடத்து மூலையில் குந்தி, தொலைக்காட்சி என்னும் அதிசயப் பேழையில் இவர் ஒரு சிரிப்பு நாடகம் கண்டார். குடித்தனக்காரனைக் காலி செய்யச் சொல்ல வந்த வீட்டுக்காரர், தடுக்கித் தடுமாறிப் பாயச அண்டாவுக்குள் தலைகுப்புற விழுந்து, சேமியாவே தாடியாய், முந்திரியே மூக்குத்தியாய் எழுந்துவரும் அந்தத் திருக்காட்சியைக் குப்புராஜின் டீக்கடை பெஞ்சில் அவர் ஆண்டாண்டாய் நடித்துக் காட்டிவந்தார். பகலெல்லாம் "கடிக்குது பாய்" என்று ஏச்சு வாங்கும் மனிதர், அந்தப் பெஞ்சில்தான் ஆளாய் மதிக்கப்பட்டார்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு, நசீருதீன் வீட்டில் தொலைக்காட்சி வந்து இறங்கிய சில மாதங்களில், பழைய நாடகங்களை மறுபடி போடுகிறார்கள், வருகிற ஞாயிறு மாலை அந்த நாடகமேதான் என்ற செய்தி இடிமுழக்கமென வந்தது. நெடுநாள் ஐயுற்றிருந்த குப்புராஜ் வடிகட்டியை வாளென உயர்த்தி அறைகூவினார்:

"அண்டா வரட்டும், பாய்! நானே எந்திரிச்சு நின்னு சலாம் வெக்கறேன். வரலீன்னா, இனிமேட்டு என் கடையில டீ குடிக்கலாம், கதை பேசக் கூடாது!"

"வரும்யா! அண்டா வரும்!" என்று சூளுரைத்தார் நசீருதீன். டீயைப் பறித்தாலும் தாங்குவார். கதையைப் பறித்தால் பாவம், மனிதர் என்ன செய்வார்?

ஞாயிறும் வந்தது. குப்புராஜும், பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பனும், அவர் மனைவி சின்னம்மாளும், தெருவிலே பாதியும் நசீருதீன் வீட்டுக் கூடத்தில் படையெனத் திரண்டிருக்க, பெட்டியிலோ பெங்களூர்க் கன்னடம் பொழிந்துகொண்டிருந்தது. எல்லைக்கருகே வாழ்வோர் விதி அது. வடக்கே பார்த்தால் கன்னடம். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கிக் கம்பத்தைத் தெற்கே திருப்பிக் கெஞ்சினால்தான் தமிழ். ஆகவே, லுங்கியைத் தார்பாய்ச்சி, ஏணியேறி, மொட்டைமாடியில் நின்ற ஆன்டெனாக் கம்பத்தை மல்லன் மல்லனைத் தழுவுவதுபோல் தழுவித் திருகினார் நம் வீரர்.

"வருதா?"

"வரல!"

"இப்ப?"

"கோடு கோடா வருது!"

"இப்ப?"

"வந்துருச்சு! அசையாதீங்க!"

அப்படியே கம்பத்தைக் கட்டுக்கம்பியால் இறுக்கி, வியர்வையே வெற்றிமாலையாக இறங்கிவந்து, கூட்டத்தின் நடுவே நாற்காலி போட்டு அமர்ந்தார்.

நாடகம் நடந்தது. வீட்டுக்காரர் வந்தார், கத்தினார். குடித்தனக்காரன் கட்டிலடியில் ஒளிந்தான். கூட்டம் லேசாய்ச் சிரித்தது. வீட்டுக்காரர் சமையற்கட்டுப் பக்கம் திரும்பினாரோ இல்லையோ, நசீருதீனுக்குப் பழைய நினைவு ஒன்று பொறிதட்டியது. அடக் கடவுளே! சென்னையில் அன்றைக்கு இதே இடத்தில் கரண்டு போயிற்று. முதலாளியம்மா "எல்லாரும் கெளம்புங்க" என்றார். மிச்சத்தை இவர் பார்க்கவே இல்லை!

பின் அண்டா எங்கிருந்து வந்தது? நிக்காஹ் முடிந்த புதிதில் புதுப்பெண் ஷகிலாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, அவள் சிரித்துக்கொண்டே "அப்பறம்?" என்று கேட்டாள். அந்தச் சிரிப்பின் முன்னே "தெரியாது" என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு மனம் வரும்? அந்த வேளையில் பிறந்ததே அப்பாயசம். சொல்லிச் சொல்லிச் சொன்னவரே நம்பிவிட்டார்.

கரண்டே, போய்விடு! அம்மி ஒழிந்து மிக்ஸி வந்த நாள்முதல், மசாலா அரைக்கையில் தவறாமல் போகும் கரண்டே, இன்றைக்கு உனக்கு என்ன கேடு? மலையென அசையாது நின்றது மின்சாரம். சித்தேரி மலைக்குமேல் மேகமும் இல்லை. படமோ, அந்தப் பாழும் படமோ, என்றைக்கும் இல்லாத தெளிவில் வீட்டுக்காரரின் மீசைமயிரைக்கூட எண்ணிக் காட்டிற்று.

"படம் ஆடுது, சரி பண்ணிட்டு வர்றேன்" என்று பாய்ந்தெழுந்தார் நசீருதீன். ஆடாத படத்தைச் சரிபண்ண மறுபடி ஏணியேறினார். எந்தக் கம்பத்தைத் தமிழுக்காகத் தழுவினாரோ, அதே கம்பத்தின் கட்டை அவிழ்த்து, பல்லைக் கடித்து, கண்ணை மூடி வடக்கே திருப்பினார் அந்தத் தன்படை வென்ற தனிவீரர்.

"அய்யய்யோ, எல்லாரும் கன்னடத்துல பேசறாங்களே!" என்ற சின்னம்மாளின் ஓலம் வானைப் பிளந்தது. வென்றேன் என்று அவர் பெருமூச்சு விடுமுன், ஏணியடியில் ஷகிலா வந்து நின்றாள்.

"எறங்கி வாங்க" என்றாள் மெல்ல. "மொதமொதல்ல சொன்னப்ப அது பக்கெட்டுங்க. பெரியவ பொறந்தப்ப தொட்டி ஆச்சு. இப்ப அண்டா. எனக்குத் தெரியாதா?"

இத்தனை வருடமும் தெரிந்தேவா சிரித்தாள்? வெட்கம் ஒருபுறம், அவள்மேல் பொங்கிவந்த அன்பு ஒருபுறமாக, வீரர் ஏணியில் இறங்கினார். உண்மையை ஒப்புக்கொண்டு வாயை மூடிவிடுவதென்றே கூடத்துக்குள் நுழைந்தார்.

"படம் போனா போவுது, அப்பறம் அந்த ஆளு என்ன ஆனான்? நீங்களாச்சும் சொல்லுங்க பாய்!" என்றார் நஞ்சப்பன்.

நசீருதீன் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சொல்லுங்க என்று தலையசைத்தாள். பிறகென்ன! மடை உடைந்தது. வீட்டுக்காரர் தடுக்கினார், தடுமாறினார், அண்டாவின் விளிம்பில் ஒற்றைக்காலில் ஊசலாடினார். கூடமே பெட்டிக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

அவிழ்த்த கம்பத்தைக் கட்ட மறந்த பாவம், அந்நேரம் பார்த்து வீசிய காற்றில் அது தானே தெற்கே திரும்பிக்கொண்டது. பெட்டியில் தமிழ் வந்தது. அங்கே வீட்டுக்காரரும் குடித்தனக்காரனும் சமாதானமாகி, அண்டாவின் நிழல்கூட இல்லாத கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தவர் ஒருவரே: பெட்டியைப் பார்த்தபடியே இருந்த குப்புராஜ். அவர் பார்த்ததை நசீருதீனும் பார்த்தார். வீட்டுக்காரர் அந்தரத்தில் நிற்க, கதை பாதியில் அறுந்தது.

குப்புராஜ் பெட்டியைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். ஒருமுறை செருமினார்.

"அத அமத்து தங்கச்சி. பாய் சொல்றது காதுல வுழல."

ஷகிலா எழுந்து போய் டிவியை அணைத்தாள்.