குழிக்காக வைத்த பலகையும் அதன் பிறகு வந்த வினையும்

அன்புள்ள மருமகன் டாரிலுக்கு, மாமா ஆர்வில் எழுதுவது. நானும் உன் அத்தை மார்லிஸும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. நீ டெ மோயின் நகரத்தில் பெரிய வக்கீலாகிவிட்டாய் என்று இங்கே சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அதை நிரூபிக்க இப்போது வேளை வந்திருக்கிறது.

எங்கள் தெருமுனைக் குழி உனக்கு நினைவிருக்கும். "இந்தக் குழி மேயரம்மாவை விட மூத்தது" என்று எழுதி என் புல்வெளியில் ஒரு பலகை நட்டேன். அளவு மீறிய பலகை, எடு என்று நகர மன்றம் நோட்டீஸ் அனுப்பியது. விடுவேனா? கூட்டத்துக்குப் போய், அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தை மூச்சுவிடாமல் வாசித்து, பேச்சுரிமைக்கு அளவுகோல் வைக்க நீங்கள் யார் என்று கேட்டேன். கைதட்டல் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போச்சு. விதியையே ரத்து பண்ணிட்டாங்க. மறுநாள் காலையில காபியோட ஜன்னல் பக்கம் வந்தா, பக்கத்து வீட்டு லீலண்ட் ஒரு பலகை நட்டிருக்கான். "ஆர்வில் ஒரு உளறுவாயன்." என் வீட்டைக் காட்டி அம்புக்குறி வேற!

"என்னய்யா இது?" என்றேன்.

"முதல் திருத்தம்யா."

"அது என்னைக் காப்பாத்த வந்ததுய்யா!"

"என்னையும் சேர்த்துத்தான். நீதானே அவ்வளவு அழகா வாசிச்சே?"

உள்ளே வந்து, "ஏம்மா, நான் உளறுவாயனா?" என்று உன் அத்தையைக் கேட்டேன். "அஞ்சாவது திருத்தப்படி நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை" என்று சொல்லிட்டு வெங்காயம் நறுக்கப் போயிட்டா. சர்ச்சுக்குப் போறவங்க காரை நிறுத்திப் போட்டோ எடுக்கிறாங்க. வெட்கத்தை விட்டு மேயரம்மாகிட்டயே புகார் கொடுத்தேன். "அந்தப் பலகையைப் பிடுங்கிடலாம் ஆர்வில்" என்று அந்த அம்மா சிரிச்ச சிரிப்பு எனக்குப் பிடிக்கலை. ஆகவே லீலண்ட் மேல் உடனே மானநஷ்ட வழக்குப் போடு. இரக்கம் காட்டாதே.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு. கடவுள் உங்களைக் காக்கட்டும். எங்களை நீ காத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமா ஆர்வில் டென்டிங்கர்

பி.கு.: வழக்குப் போடாதே. கடிதத்தை ஒட்டுவதற்குள் நகராட்சி ஆட்கள் லீலண்டின் பலகையைப் பிடுங்க வந்துவிட்டார்கள். வீட்டுச் செருப்போடு அவன் தனியாக நின்று கத்தினான். ஒருத்தரும் பக்கத்தில் போகவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. நொண்டிக்கொண்டே ஓடிப்போய்ப் பலகையைக் கட்டிப்பிடித்தேன். "என்னைத் திட்டுற பலகைதான்! ஆனா பிடுங்க உங்களுக்கு என்னடா அதிகாரம்?" என்றேன். இப்போது நாங்கள் இருவரும் காவல் நிலையத்தில் இருக்கிறோம். லீலண்டுக்காக வாதாட உடனே கிளம்பி வா. கைது செய்தபோது இளம் போலீஸ்காரர், சட்டப்படி படிக்க வேண்டிய எங்கள் உரிமைகளைப் படித்துக் காட்டினார். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டார். நானும் லீலண்டும் ஒரே குரலில் திருத்தினோம்.