மேசையடி டீச்சர்

திண்டுக்கல்லில் மேசையடி டீச்சரோடு ஓட்டலுக்குப் போன யாரும் சூடாகச் சாப்பிட்டதில்லை. மகளிர் விடுதியில் அவரும் நானும் ஒரே அறை. குஜராத்தில் பள்ளிக்கூட வேலையில் இருந்தவர், அங்கே பூமி குலுங்கிய பிறகு இங்கே வந்து சேர்ந்திருந்தார்.

பிரியாணிக் கடைக்குள் நுழைந்தால் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார மாட்டார். கண்ணாடி ஜன்னல் பக்கமும் ஆகாது. மேசைக் காலை உலுக்குவார், குனிந்து அடியில் பார்ப்பார்.

"என்ன தேடுறீங்க டீச்சர்?" என்பார் சர்வர்.

"இடம் இருக்கான்னு பாக்குறேன்."

மேலே நாலு நாற்காலி காலியாகக் கிடக்கும்.

சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவரிடம், "தரை ஆடுனா யாரும் கதவுப் பக்கம் ஓடக் கூடாது. சீட்டுக்கு நடுவுல குனிஞ்சு தலைய மூடிக்கணும். சொல்லி வைங்க" என்றார்.

"இங்க ஆட்டமெல்லாம் பாட்டுல மட்டுந்தான் டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை.

தாடிக்கொம்பில் விடுதித் தோழி ஒருத்திக்குக் கல்யாணம். மதியப் பந்தி நடந்துகொண்டிருந்தது. வெளியே எச்சில் இலைக்குச் சண்டை போட்ட காக்கைகள் சட்டென்று அடங்கின. தம்ளர் தண்ணீரில் தானாக வளையம் எழுந்தது. காற்றே இல்லை, தொங்கிய தோரணம் ஆடியது.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "எல்லாரும் மேசைக்கு அடியில போங்க. மேசைக் கால கெட்டியாப் பிடிங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, பந்தியே அடியில் போனது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் வாசலுக்குப் பாய்ந்தார். டீச்சர் அவர் வேட்டியைப் பிடித்தார். வேட்டி கையோடு வந்துவிட்டது. மாமன் வேறு வழியின்றி எங்கள் மேசைக்கடியில் புகுந்தார். அதே நேரம் வாசல் முகப்பின் பழைய கைப்பிடிச் சுவர் இடிந்து படியில் விழுந்தது. ஓடியிருந்தால் அவர் நின்றிருக்கும் இடம்.

தூசிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஆத்தா, வேட்டியக் குடு."

"இன்னும் நிக்கல. செத்த நேரம் பொறுங்க."

ஆட்டம் நின்றதும், தலைக்கு மேலே பார்த்தபடி பின்வாசல் வழியே வெட்டவெளிக்குப் போகச் சொல்லி எல்லோரையும் அனுப்பினார். அவர் மட்டும் வரவில்லை. தரையில் காதை வைத்துக் கிடந்தார்.

"யாரோ தட்டுறாங்கம்மா."

நானும் காது கொடுத்தேன். மண்டபத்தில் எந்தச் சத்தமும் இல்லை.

"அங்க ஒரு கடையில இப்படித்தான் மேசைக்கடியில மாட்டிக்கிட்டேன். இடிஞ்ச சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் தட்டிக்கிட்டே இருந்தாரு. நானும் பதிலுக்குத் தட்டுனேன். சாயங்காலமா அந்தச் சத்தம் நின்னுபோச்சு. ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது."

"இங்க யாரும் இல்ல டீச்சர். திரும்ப ஆடும்னு நீங்கதான சொல்வீங்க. வாங்க போவோம்."

கையைப் பிடித்து இழுத்தேன். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

அன்று விடுதிக்குத் திரும்பியதும், நான் என் கட்டிலை இழுத்து அவர் கட்டிலோடு ஒட்டிப் போட்டேன்.