தூரத்தில் நின்று பார்த்தால் மாப்பிள்ளை

என் அக்காவின் கல்யாண பேனரில் மாப்பிள்ளையின் முகத்தை மறைத்தது நான்தான். அவர் மேல் பகை ஒன்றும் இல்லை. படத்தின் தரம் குறையக் கூடாதே என்று செய்தது.

அப்போது ஏனாத்தூரில் கல்லூரி கடைசி வருடம். செகண்ட் ஹேண்டில் கேமரா வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் பதினோரு வீடியோ பார்த்திருந்தேன். எல்லாவற்றிலும் ஒரே உபதேசம்: ஜேபெக் என்பது கேமராவே சுருக்கிக் கொடுக்கும் படம், ரா என்பது கேமரா பார்த்தது அத்தனையும் அப்படியே இருக்கும் கோப்பு, விவரம் தெரிந்தவர்கள் ராவில்தான் எடுப்பார்கள். நான் விவரம் தெரிந்தவள். (பதினோரு வீடியோன்னா சும்மாவா?)

பெருநகரில் நடந்த நிச்சயதார்த்தம் முழுவதையும் ராவில் மட்டுமே எடுத்தேன். படத்தைப் போனில் அனுப்பச் சொல்லி அக்கா கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல போட்டு கலர் சரி பண்ணித்தான் குடுக்கணும். உனக்குச் சொன்னா புரியாது."

இரண்டு மாதம் புரியாமலே காத்திருந்தாள். என் லேப்டாப் ஒரு படத்தைத் திறப்பதற்குள் அம்மா உலை வைத்துச் சோறே வடித்துவிடுவாள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு, உத்திரமேரூர் பேனர் கடைக்குப் பென்டிரைவோடு போனேன். கடைக்காரர் செல்வம் அண்ணன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நம்ம சிஸ்டத்துல இது தொறக்காதும்மா. ஜேபெக்கா மாத்திக் கொண்டா."

"மாத்துனா குவாலிட்டி பூடும்ணா. ஜேபெக்கு ஆக்கின சோறு. ரா நெல்லு மாதிரி, இன்னா வேணா பண்ணிக்கலாம்."

"நெல்லக் குடுத்துட்டு பந்தி போடச் சொல்றியேம்மா" என்றார். அவருடைய அறியாமையை மன்னித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போன் செய்தார். நான் டெய்லர் கடையில் ஜாக்கெட் கைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"எதையோ பண்ணித் தொறந்துட்டேம்மா. ஆனா படம் ஸ்டாம்பு சைசுல வருது."

"மூஞ்சி தெரியுதாண்ணா?"

"தெரியுது."

"அப்ப பெருசு பண்ணி அட்ச்சுடுங்க. ராவ எவ்ளோ வேணா இழுக்கலாம்."

ஓரளவு உண்மைதான். ஆனால் அவருக்குத் திறந்தது ரா இல்லை. உள்ளே என்ன படம் என்று காட்டுவதற்காகக் கேமரா அந்தக் கோப்புக்குள் செருகி வைத்திருந்த கடுகளவு ஜேபெக். அதைத்தான் அவர் பத்தடிக்கு இழுத்தார்.

வரவேற்பு அன்று மாலை மண்டப வாசலில் பேனர் நின்றது. பெயர்கள் பளிச். கீழ் வரிசையில் வாழ்த்தும் சொந்தக்காரர்கள், வாட்ஸப்பில் அனுப்பிய படங்களில், மீசை மயிர் உட்படப் பளிச். நடுவில் மணமக்கள் மட்டும் சதுரம் சதுரமாக, பாத்ரூம் டைல்ஸ் போல.

காவாந்தண்டலத்திலிருந்து வேனில் வந்து இறங்கிய மாப்பிள்ளையின் தாய்மாமன் பேனர் முன்னால் நின்றுவிட்டார். பின்னால் வந்த நாற்பது பேரும் நின்றார்கள்.

"இன்னா சம்பந்தி, எங்க புள்ள மூஞ்ச மறைச்சி வச்சிக்கிறீங்க? கேசுல மாட்னவனத்தான் டிவில இப்டி காட்டுவான்."

நைனா என்னைப் பார்த்தார். "இன்னாடி இது?"

"ரா ஃபைல் நைனா."

தாய்மாமன் வேன் பக்கம் திரும்பினார். "நாங்க உள்ள வரதா வேணாவான்னே தெரியல" என்றார். அக்கா மேக்கப்போடு வாசலுக்கு வந்து, பேனரைப் பார்த்து, என்னைப் பார்த்து, அழுதால் மை கலையுமே என்று அழாமல் நின்றாள்.

அப்போது மாப்பிள்ளையே காரிலிருந்து இறங்கி வந்தார். பேனரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மாமன் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் கூட்டிப்போனார்.

"இங்க நில்லு மாமா. கண்ண லேசா மூடிக்கினு பாரு."

மாமன் இடுக்கிப் பார்த்தார்.

"ஆமா. தெரியுது, தெரியுது. நம்ம புள்ளதான்" என்றார்.

அதன் பிறகு நாற்பது பேரும் வரிசையாக ரோட்டைத் தாண்டி, கண்ணை இடுக்கி, மாப்பிள்ளையை அடையாளம் கண்டுகொண்டு வந்துதான் சந்தனம் எடுத்தார்கள்.

இப்போது நான் எதை எடுத்தாலும் ஜேபெக்தான். பயனில்லை. விசேஷ வீடுகளில் என் போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினால், மாமா (அந்த மாப்பிள்ளைதான்) அதை வாங்கி நாற்காலியில் சாய்த்து வைக்கிறார். அக்காவும் அவரும் அவர்களுடைய நான்கு வயதுப் பெண்ணும் எதிர்ச் சுவர்வரை நடந்துபோய், மூவரும் ஒன்றாகக் கண்ணை இடுக்குகிறார்கள்.

"தெரியுது, தெரியுது" என்கிறது அந்தக் குட்டி. "நம்ம புள்ளதான்."